கவுதாரித் தூவியும் பட்டு நூலும்

வட இங்கிலாந்தில் பென்னைன் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளிலிருந்து இறங்கிவரும் வார்ஃப், நிட், யூர், ஸ்வேல் என்னும் ஆறுகள் மழையை நம்பிப் பிழைப்பவை. மலைமேல் ஓர் இரவு மழை பெய்தால் மறுநாள் காலையில் கரையோரத்துப் புல் மூழ்கும்படி பழுப்பு நிற வெள்ளம் பாயும். சில நாட்கள் தொடர்ந்து வெயில் காய்ந்தால் அதே ஆறு கூழாங்கற்களுக்கு இடையே கணுக்கால் அளவுத் தண்ணீராக ஒடுங்கிச் சலசலக்கும். இவ்வாறுகளில் வாழும் டிரவுட் மீன், கல்லின் மறைவிலே நீரோட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டு, ஓட்டம் அடித்துக்கொண்டு வரும் இரையை ஒரு கணத்தில் கண்டு, அக்கணத்திலேயே கொள்வதா விடுவதா என்று தீர்மானித்தாக வேண்டும். அம்மீனைப் பிடிப்பதற்கு அவ்வாற்றங்கரை மக்கள் பல தலைமுறைகளாகக் கட்டிவந்த செயற்கை ஈ, ஒரு சிறு தூண்டில் முள், அதன்மேல் சுற்றிய ஓரிழைப் பட்டு நூல், தலைப்பக்கத்தில் ஒன்றரைச் சுற்றாகவோ இரண்டு சுற்றாகவோ வளைத்த ஒரு மெல்லிய தூவி ஆகிய மூன்றே பொருள்களால் ஆனது. நீளமான கால்களும் சிறுத்த உடலுமாக அது தோன்றுவதால் அந்நாட்டார் அதனைச் சிலந்தி என்றே வழங்குகின்றனர்.

உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது இந்த ஈ எந்தப் பூச்சியையும் ஒத்திராது. சிறகு என்று சொல்லத்தக்கது இல்லை. கண்ணும் வாலும் இல்லை. கடைகளில் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் வர்ணஜாலமான ஈக்களுக்கு அருகே இதனை வைத்தால், வேலை பாதியிலே நின்றுபோனதோ என்றுகூடத் தோன்றும். ஆயினும் ஐரோப்பாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் தூண்டில் கலையைப் பற்றி எழுந்த பெரிய விவாதங்களையெல்லாம் கடந்து, ஏறக்குறைய உருமாறாமல் இன்றளவும் நிலைபெற்றிருப்பது இதுவே. பூச்சியின் உருவத்தைப் பிரதி செய்வதை விட்டு, தண்ணீர் பூச்சியை என்ன பாடு படுத்துகிறது என்பதைப் பிரதி செய்யக் கற்றுக்கொண்ட மனிதர்கள் இதனைச் செய்தார்கள் என்பதே அந்த நிலைபேற்றுக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் அதனை எவ்வாறு கற்றார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

முள்ளில் இறகைக் கட்டி மீன் பிடிக்கும் வழக்கத்துக்குக் கிடைக்கும் பழைய தெளிவான சாட்சியம் ரோம சாம்ராஜ்ய காலத்தைச் சேர்ந்தது. கி.பி. 200-ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் ஆசிரியர், பிராணிகளின் இயல்பைப் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதிய நூலில், மாசிடோனியாவில் அஸ்திரேயஸ் என்னும் ஆற்றில் புள்ளிகள் நிறைந்த மீன்கள் வாழ்வதையும், நீரின்மேல் மிதந்து திரியும் ஒருவகை ஈயை அவை கீழிருந்து எழும்பிவந்து விழுங்குவதையும் வருணிக்கிறார். அவ்வீயை நேரே முள்ளில் கோத்தால் மனிதன் கை பட்ட மாத்திரத்தில் அதன் நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடுகிறது என்பதால், செம்படவர்கள் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழே வளரும் மெழுகு நிறத்து இறகுகள் இரண்டைப் பொருத்தி, அவ்வுபாயத்தால் மீனை ஏமாற்றினார்கள் என்று அவர் கூறுகிறார். கம்பளியும் சேவல் இறகும் எந்தக் குடியானவன் வீட்டிலும் கிடைப்பவை. வீட்டிலும் வயலிலும் கிடைப்பதைக் கொண்டு காரியத்தை முடித்துக்கொள்ளும் இந்த இயல்பு, இக்கலையின் சரித்திரம் முழுவதிலும் தொடர்ந்து வருவதைக் காண்கிறோம்.

இங்கிலாந்தில் இவ்விஷயத்தைப் பற்றி அச்சேறிய முதல் நூல் 1496-ல் விங்கின் டி வோர்ட் என்னும் அச்சுக்காரரால் வெஸ்ட்மின்ஸ்டரில் வெளியிடப்பட்டது. வேட்டை முதலியவற்றைக் குறித்த ஒரு பெருந்தொகுதியின் பகுதியாக வந்த அந்தத் தூண்டில் நூலை ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவு மடத்துத் தலைவி இயற்றியதாகப் பரம்பரையாகச் சொல்லி வந்தார்கள். அதற்குத் திடமான ஆதாரம் இல்லையென்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஆக்கியோர் யாராயினும், மாதந்தோறும் பயன்படுத்தத்தக்க பன்னிரண்டு ஈக்களை அந்நூல் வகுத்துரைக்கிறது. அவற்றுள் மார்ச்சு மாதத்துக்கென்று சொல்லப்படும் ஒன்று மங்கிய பழுப்புக் கம்பளியால் உடலும் கவுதாரி இறகால் சிறகும் அமைந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கவுதாரி இந்தத் தொழிலுக்குள் நுழைந்துவிட்டது. இன்றுவரை அது வெளியேறவில்லை.

அதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், ஐசக் வால்ட்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூலின் ஐந்தாம் பதிப்பு 1676-ல் வந்தபோது, டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த சார்ல்ஸ் காட்டன் என்னும் கனவான், ஈயைக் கொண்டு மீன் பிடிப்பதைப் பற்றி அதற்கு இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தார். உரையாடலாக அமைந்த அப்பாகத்தில், தெற்கேயிருந்து வந்த விருந்தாளி லண்டன் வழக்கப்படி உடல் பருத்த ஓர் ஈயைக் கட்டிக் காட்டுகிறான். அதைக் கண்ட உள்ளூர்க்காரன், பார்த்துச் சிரிப்பதற்காக அதனைத் தன் வீட்டு ஜன்னலில் தொங்கவிடப் போவதாகக் கேலி செய்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் பரிகாசம். சற்றுக் கூர்ந்து நோக்கினால், மெல்லோட்டமுள்ள தெற்கத்தி நீர்களுக்கும் கல்லுருட்டிப் பாயும் வடக்கத்தி நீர்களுக்கும் தனித்தனி ஈ வேண்டும் என்ற உணர்வு அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது விளங்கும். மெலிந்த உடல் வேண்டும் என்பது அன்று முதல் வடநாட்டாரின் கொள்கையாயிற்று.

ஆனால் புத்தகம் எழுதிய கனவான்களைக் காட்டிலும் இக்கலைக்கு உண்மையில் உரியவர்கள், ஏட்டில் பெயர் ஏறாத மாவு ஆலைக்காரர்களும் பண்ணையாட்களும் காட்டுக் காவலர்களுமே. யார்க்ஷயர்ப் பள்ளத்தாக்குகளில் பல குடும்பங்கள் தம் ஆற்றுக்கு ஏற்ற ஈக்களின் ஜாபிதாவைக் கையெழுத்தாகக் குறித்து வைத்திருந்தன. எந்த மாதம், எந்த நிறப் பட்டு, எந்தப் பறவையின் எந்த இடத்து இறகு என்ற மூன்று விவரங்களே பெரும்பாலும் அக்குறிப்புகளில் இருக்கும். ஏன் என்ற விளக்கம் இராது. வார்ஃப் பள்ளத்தாக்கில் ஜான் ஸ்வார்ப்ரிக் என்பவர் 1807-ல் எழுதிவைத்த ஜாபிதா அத்தகையது. அது அச்சில் வெளிவர ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1853-ல் ரிப்பன் நகரத்து மைக்கேல் தீக்ஸ்டன், ஆற்றங்கரைப் பூச்சிகளுக்குத் தமக்கே உரிய பெயர்களைச் சூட்டி ஒரு நூலை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டில் யூர் நதிக்கரையிலுள்ள டான்ஃபீல்டு ஆலையைச் சேர்ந்த ஜான் ஜாக்ஸனின் நூல் வெளிவந்தது. ஆலையின் சக்கரத்துக்கு நீர் விடும் மதகருகே நாள் முழுவதும் நிற்கிறவனுக்கு, எந்தப் பூச்சி எந்த வேளையில் எழும்புகிறது, எந்த மீன் எந்தக் கல்லருகே வாய் திறக்கிறது என்பது சாஸ்திரம் படிக்காமலே தெரிந்துவிடும்.

1857-ல் ஸ்காட்லாந்துக்காரராகிய டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் எழுதிய நூல் இந்த மௌனமான அறிவுக்கு முதன்முறையாக ஒரு தர்க்கத்தைக் கொடுத்தது. மீன் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும். ஆதலால் அதன் முதுகுப்புறமாக அணுகி, ஓட்டத்துக்கு எதிரே மேல்நோக்கி எறிகிறவனை அது காணாது என்பது அவருடைய முதல் வாதம். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு பிரதி வேண்டும் என்பார் கூற்றை மறுத்து, அளவும் வடிவும் நிறமும் ஒருவாறு பொருந்தினால் போதும், நீரில் உயிரோடு இருப்பதுபோல் தோன்றுவதே முக்கியம் என்பது இரண்டாவது. அதற்கேற்ப அவர் பரிந்துரைத்த சிலந்தி ஈக்கள் மூன்றே: ஸ்டார்லிங் பறவையின் கருமையான தூவியும் பழுப்புப் பட்டும் கொண்ட கறுப்புச் சிலந்தி, லேண்ட்ரெயில் பறவையின் தூவியும் மஞ்சள் பட்டும் கொண்ட சிவப்புச் சிலந்தி, டாட்டரல் என்னும் மலைநாட்டுப் பறவையின் சாம்பல் தூவியால் அமைந்த மங்கல் சிலந்தி. இவற்றுள் கறுப்பை ஜேம்ஸ் பெய்லி என்னும் தூண்டில்காரரிடமிருந்து தாம் அறிந்ததாக ஸ்டூவர்ட் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். பெயரில்லாதவர்களின் கலையில் ஒரு பெயரேனும் அவ்வாறு நமக்குக் கிடைத்தது.

வடநாட்டு ஈக்களுக்கு நிலையான சாசனம் என்று சொல்லத்தக்கது, லீட்ஸ் நகரத்தில் பத்திரிகைகளுக்குத் தூண்டில் விஷயங்களை எழுதிவந்த டி. இ. பிரிட் 1885-ல் வெளியிட்ட நூல். யார்க்ஷயர் டிரவுட் ஈக்கள் என்ற பெயரில் வந்து, மறுவருஷமே வடநாட்டு ஈக்கள் என்று பெயர் மாறி மறுபதிப்பான அதில், 62 ஈக்களின் முறைகள் வர்ணச் சித்திரங்களோடு தரப்பட்டிருக்கின்றன. ஆரஞ்சுக் கவுதாரி, ஊதா நிற உள்ளான், தாழைக்கோழி என்று இன்றைக்கும் தூண்டில்காரர்கள் சொல்லும் பெயர்களை உலகறியச் செய்தது அந்நூலே. பெயரைக் கேட்டாலே செய்முறை பாதி தெரிந்துவிடும்படி, பட்டின் நிறமும் பறவையின் பெயரும் சேர்ந்தே பல ஈக்களின் பெயராக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஆரஞ்சுக் கவுதாரியைக் கட்டும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பழைய தூண்டில்காரன் முள்ளைப் பற்றுவதற்கு இடுக்கி வைத்துக்கொள்வதில்லை. இடக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அதனை ஏந்திக்கொள்வான். ஆரஞ்சு நிறப் பட்டிழையை ஒரு சாண் அளவுக்கு எடுத்து, செருப்புத் தைப்போர் உபயோகிக்கும் கருமெழுகின் சிறு கட்டியின்மேல் வைத்து அழுத்தி ஓர் இழுப்பு இழுப்பான். பளிச்சென்றிருந்த பட்டு அந்த இழுப்பிலேயே பழுத்துக் கறுக்கும்; நீரில் நனைந்தபின் அது ஆரஞ்சென்று சொல்ல முடியாதபடி செம்பழுப்பாக மாறிவிடும். தலையருகே தொடங்கி, இழையை இழை ஒட்டும்படி நெருக்கிச் சுற்றிக்கொண்டு, முள்ளின் கூர் எங்கே இருக்கிறதோ அதற்கு நேராக வந்ததும் நிறுத்திவிடுவான். வளைவுக்குள் இறங்கவே மாட்டான். இந்தக் குட்டையான உடல் இப்பள்ளத்தாக்குகளின் கைமுத்திரை.

பிறகு தூவி. கவுதாரியின் முதுகிலிருந்து புள்ளிகள் திட்டமாக விழுந்த, தவிட்டு நிறச் சிற்றிறகு ஒன்றைப் பறித்து, அடியிலுள்ள பஞ்சுப்பாகத்தை உரித்தெறிந்து, எஞ்சிய இழைகளைத் தண்டுக்குச் செங்குத்தாக நீவி நிறுத்துவான். முனையை முள்ளின் தலையருகே கட்டி, தண்டைப் பிடித்து ஒன்றரைச் சுற்றுச் சுற்றினால், பத்துப் பன்னிரண்டு இழைகள் குடைக் கம்பிகள்போல் நாலாபக்கமும் விரிந்து நிற்கும். மூன்றாவது சுற்றுக்கு ஆசைப்படுகிறவன் கெடுத்துவிடுகிறான். இழைகள் அடர்ந்துவிட்டால் அவை ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு விறைத்து நிற்குமேயன்றி நீர் சொன்னபடி ஆடமாட்டா. தண்டின் மிச்சத்தை வெட்டி, நூலை நாலு சுற்றில் அதன் அடியிலேயே செருகி முடிச்சிட்டால் ஈ தயார். அநுபவமுள்ள கைக்குச் சில நிமிஷ வேலைதான். ஆனால் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிவதற்கு வருஷங்கள் ஆகும்.

இச்சிறு பொருளுக்குள் பல தேசங்களின் தொழில்கள் ஒடுங்கியிருந்தன. முட்களைப் பெரும்பாலும் செய்து அனுப்பியது ஊசித் தொழிலுக்குப் பேர்போன ரெட்டிச் நகரம். மெல்லிய பட்டுக்கு 1795-ல் ஏற்பட்ட பியர்ஸால் நிறுவனத்தின் காஸமர் என்னும் இழையைத் தூண்டில்காரர்கள் பிரமாணமாகக் கொண்டார்கள். 1880-களில் காதுள்ள சிறு முட்கள் பரவும்வரையில் முள்ளுக்கு நூல் கோக்கும் துவாரமே கிடையாது. குதிரை வால்மயிரையோ, ஸ்பெயினில் மூர்சியா பிரதேசத்துப் பட்டுப்புழுக்களின் சுரப்பியை நீட்டி உலர்த்திய நரம்பையோ முள்ளின் தண்டோடு சேர்த்துப் பட்டால் வரிந்து, அதன்மேலேயே ஈயைக் கட்டினார்கள். உலர்ந்த பட்டுப்புழு நரம்பு முறியும் இயல்புடையது. ஆதலின் மீன் பிடிக்கப் புறப்படுமுன் அதனை நீரில் ஊறவைக்க வேண்டும். நரம்பு தலையருகே தேய்ந்து அறுந்தால் அந்த ஈ அத்துடன் போயிற்று. இத்தகைய மூன்று ஈக்களை ஒரே நரம்பில் இடைவெளிவிட்டு இணைத்து, நீண்ட கோலால் சிறு தூரத்துக்கு எறிவது அவ்வூர்ச் சம்பிரதாயம்.

இனி, அந்த மூன்று பொருள்கள் நீருக்குள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். மேஃப்ளை வகைப் பூச்சிகள் பல மாதங்கள் ஆற்றடியில் கற்களுக்கிடையே சிறகற்ற இளம்பருவத்தில் வாழ்ந்து, உரிய நாளில் மேலெழும்பி, நீரின் மேல்தோலைக் கிழித்துக்கொண்டு, தம் சட்டையை உரித்துச் சிறகு விரிக்கின்றன. வாழ்நாளில் அவை முற்றும் நிராதரவாக இருக்கும் சில கணங்கள் அவையே; சட்டை முழுதும் கழலாமல் சிக்கிக்கொண்டு மடிவனவும், சுழலில் அமிழ்ந்து போவனவும் எண்ணிறந்தவை. முட்டையிடுவதற்காகக் கற்களைப் பற்றிக்கொண்டு நீருக்குள்ளேயே இறங்கிச் செல்லும் இனங்களும் உண்டு. டிரவுட்டுக்குப் பிரயாசையின்றிக் கிடைக்கும் இரை இவ்வாறு பாதி நீரிலும் பாதி மேலுமாகத் தத்தளிப்பதே. விறைத்த சிறகோடு கட்டிய ஈ அமிழ்ந்தபின் மரத்துண்டுபோல் செல்கிறது. மென்தூவியோ, ஓட்டம் தள்ளும்போது உடலோடு ஒட்டி, ஓட்டம் தளரும்போது மறுபடி விரிந்து, ஒவ்வொரு சுழலுக்கும் மூச்சுவிடுவதுபோல் அசைகிறது. அந்த அசைவைக் கட்டுகிறவன் உண்டாக்குவதில்லை, ஆறே உண்டாக்குகிறது. கட்டுகிறவன் செய்வதெல்லாம் ஆற்றுக்குத் தடையாக ஒன்றும் வைக்காமல் விலகிக்கொள்வதே.

நிறத்தில் மாத்திரம் அவர்கள் விலகிக்கொள்ளவில்லை. மார்ச்சு மாதத்துக் குளிரில் முதலில் எழும்பும் கரும்பச்சை மேஃப்ளைக்காகத் தாழைக்கோழி ஈயைக் கட்டுவார்கள்: மஞ்சள் பட்டின்மேல் நீரெலியின் ரோமத்தைப் பட்டின் நிறம் உள்ளிருந்து தெரியும்படி அருகலாகத் திரித்து, தாழைக்கோழியின் சிறகுக்கு உட்புறமுள்ள புகைநிறத் தூவியைச் சுற்றுவது அதன் முறை. காற்றும் தூறலுமான நாட்களில் தோன்றும் சிறிய கருநீலப் பூச்சிக்கு ஊதாப் பட்டும் உள்ளானின் சிறகுத் தூவியும். ஆக, உருவத்தில் இவ்வளவு அசிரத்தையாகக் காணப்படும் ஈ, நனைந்த பட்டு எந்த நிறமாகும், ரோமத்தின் வழியே அது எவ்வளவு கசியும், தூவியின் உட்புறமா வெளிப்புறமா என்ற சூட்சுமங்களில் அளவிறந்த கண்டிப்புடையது.

அந்தக் கண்டிப்புக்குப் பறவைகள் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கவுதாரியும் உள்ளானும் உணவுக்காக வேட்டையாடப்பட்டவை. அவற்றின் இறகு சமையலறையில் மிஞ்சிய பொருள். டாட்டரலின் கதை வேறு. மனிதனைக் கண்டு அதிகம் அஞ்சாத அப்பறவையை உணவுக்கென்றும் தூவிக்கென்றும் கொன்றார்கள். 1857-லேயே அது மிகவும் அருகிவிட்டது என்று ஸ்டூவர்ட் வருந்தி எழுதுகிறார். லேண்ட்ரெயிலோ, புல் அறுக்கும் இயந்திரங்கள் அதன் கூட்டை அழித்தமையால் இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்தே மறைந்தது. இன்று சட்டம் இவ்விரண்டையும் காக்கிறது.

வடநாட்டு ஈயின் மதிப்பை மங்கவைத்த பெரும் புயல் தெற்கிலிருந்து எழுந்தது. பிரிட்டின் நூல் பெயர் மாறி வந்த அதே 1886-ல், ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு என்பவர் மிதக்கும் ஈக்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவர் மீன் பிடித்த டெஸ்ட் முதலான ஆறுகள் சுண்ணாம்புப் பாறையின் ஊற்றுகளால் வளர்வன. பளிங்குபோல் தெளிந்து, ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுபவை. அங்கே டிரவுட், மிதந்து வரும் பூச்சியை நிதானமாகப் பரிசோதித்தே கொள்ளும். ஆகவே அதன் ஒவ்வோர் அங்கத்தையும் பிரதி செய்த ஈயை, உலர்ந்தபடியே, மேலெழும்பும் மீனின் முன்னே மிதக்கவிட வேண்டும் என்பது ஹால்ஃபோர்டின் சித்தாந்தம். அந்த நீருக்கு அது பொருத்தமானதே. ஆனால் அவருடைய சீடர்கள் அதனை ஒரு மதமாக்கி, அமிழும் ஈயைப் பயன்படுத்துவது கனவான்களுக்குத் தகாத செயல் என்று பேசத் தலைப்பட்டார்கள். ஆற்றின் இயல்பைப் பற்றிய விஷயம், மனிதர்களின் அந்தஸ்தைப் பற்றிய விஷயமாக மாறிற்று.

இதனை எதிர்த்து, தெற்கிலேயே, இட்சன் நதிக்கரையில் மீன் பிடித்துவந்த ஜி. இ. எம். ஸ்க்யூஸ் என்னும் லண்டன் வழக்கறிஞர், 1910-லும் 1921-லும் வெளியிட்ட நூல்களில், மீன்கள் மேற்பரப்பில் உண்பதாகத் தோன்றும் பல வேளைகளில் உண்மையில் நீருக்கடியிலேயே உண்கின்றன என்று மீனின் வயிற்றைத் திறந்து பார்த்து நிரூபித்தார். 1938-ல் லண்டன் தூண்டில்காரர் சங்கத்தில் இதைப்பற்றி நடந்த விவாதத்தில், எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அவருக்கு ஆதரவு குறைவாகவே இருந்தது. இந்தக் கலகங்களெல்லாம் நிகழ்ந்தபோது யார்க்ஷயர்ப் பள்ளத்தாக்குகளில் ஒருவரும் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முதல் உலக யுத்தம் மும்முரமாக நடந்த 1916-ல், பிராட்ஃபோர்டு நகரத்திலிருந்து எட்மண்ட்ஸ், லீ என்னும் இருவர், வடநாட்டு ஈக்களின் முறைகளைப் பூச்சிகளோடு ஒப்பிட்டுச் சோதித்துத் தொகுத்த நூலொன்றை வெளியிட்டு, சில பிரதிகளில் பட்டு, ரோமம், தூவி ஆகியவற்றின் அசல் மாதிரிகளையே ஒட்டிக் கொடுத்தார்கள். எழுத்தாலும் சித்திரத்தாலும் நிறத்தைச் சரியாகச் சொல்ல முடியாது என்பதை அவர்களைப்போல் உணர்ந்தவர் வேறு எவரும் இல்லை.

அட்லாண்டிக் கடலைத் தாண்டி, பென்ஸில்வேனியாவில் ஆலன்டவுனைச் சேர்ந்த, கருவிகள் செய்யும் தொழிலாளியான ஜேம்ஸ் லீஸன்ரிங் என்பவர், ஸ்க்யூஸோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டு, மென்தூவி ஈக்களைத் தம் நாட்டு ஓடைகளுக்கு ஏற்றவாறு கட்டிவந்தார். மீன் நிற்கும் இடத்தை ஈ நெருங்கும்போது கோலைச் சற்று உயர்த்தி, அடியிலிருந்து பூச்சி எழும்புவதுபோல் அதனை எழும்பச் செய்யும் உபாயம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய நூல் 1941-ல் வெளிவந்தது. அவ்வாண்டின் முடிவிலேயே அமெரிக்கா இரண்டாம் உலக யுத்தத்தில் இறங்கியதால் அதனைக் கவனிப்பார் இல்லை. பிறகு 1975-ல் ஸில்வெஸ்டர் நீம்ஸ் மென்தூவி ஈயைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதியபின்னரே, பழைய யார்க்ஷயர் முறை அந்நாட்டில் புதுச் சரக்குப்போல் வரவேற்கப்பட்டது.

இத்தகைய ஞானம் ஒரு தேசத்துக்கே உரியதென்று எண்ணவும் இடமில்லை. ஜப்பானின் மலையோடைகளில், பிடித்த மீனை விற்றே பிழைத்தவர்கள் கட்டிய கெபாரி என்னும் ஈயும், நூலால் சுற்றிய உடலும் மென்தூவியும் மாத்திரமே கொண்டது. சிலவற்றில் தூவியை முன்பக்கம் சாயும்படி கட்டி, நூலை இழுக்குந்தோறும் அது விரிந்து சுருங்குமாறு செய்திருக்கிறார்கள். இத்தாலியில் செஸியா நதிப் பள்ளத்தாக்கிலும் இதே எளிய உருவம் உண்டு. யார்க்ஷயர் ஆலைக்காரனும் ஜப்பானிய மலைவாசியும் ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. விரைந்தோடும் குளிர்நீரும், வீட்டருகே கிடைக்கும் பறவையும், வெறுங்கையோடு வீடு திரும்ப முடியாத நிர்ப்பந்தமும் ஒன்றுசேர்ந்த இடங்களில் ஒரே விதமான விடை பிறந்திருக்கிறது.

நம் நாட்டுக்கும் இக்கதையில் சிறிது சம்பந்தம் உண்டு. டிரவுட் நமது ஆறுகளின் பிறவி மீன் அன்று. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளைக் கண்ட ஆங்கிலேயருக்குத் தம் ஊர் நினைவு வந்ததன் விளைவாக, 1863-ல் டாக்டர் பிரான்சிஸ் டே அதனை இங்கே கொண்டுவர முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். ஸி. வில்ஸன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்து, வானவில் டிரவுட்டை நிலைநிறுத்தியபின், உதகையில் கோடையைக் கழித்த அதிகாரிகள் தம் ஊர் ஈக்களோடு அந்த ஓடைகளில் நின்றார்கள். எதிர்த்திசையிலும் ஒரு வியாபாரம் நடந்தது. தென்னிந்தியக் காடுகளுக்கு உரிய சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு, மெருகிட்டதுபோன்ற புள்ளியுடையதாதலால், சால்மன் மீனுக்கான பகட்டான ஈக்களை அலங்கரிப்பதற்காகக் கப்பலேறிச் சென்றது. அந்த ஏற்றுமதி பிற்காலத்தில் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பகட்டான ஈக்கு உலகத்தின் மறுகோடியிலிருந்து இறகு வந்தது. மென்தூவி ஈக்கு வேண்டியது வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்தது.

இப்போது பியர்ஸாலின் பட்டு உற்பத்தியாவதில்லை. பழைய கண்டுகளை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பொன்னாகக் காக்கிறார்கள். டாட்டரலைத் தூவிக்காகக் கொல்வது குற்றம். நீரெலி அருகிவிட்டமையால் அதன் ரோமத்துக்குப் பதில் வேறு ரோமம் பயன்படுகிறது. மூலப்பொருள் போனபின் பரம்பரை எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கின்றனர். இதற்கு விடை 1857-லேயே சொல்லப்பட்டாயிற்று. டாட்டரல் கிடைப்பதில்லை என்று வருந்திய ஸ்டூவர்ட், அதே இடத்தில், ஸ்டார்லிங் சிறகின் உட்புறத்துத் தூவி அதற்கு நல்ல மாற்று என்றும் எழுதினார். எந்த மாற்றுப் பொருள் நீரில் அதே நிறம் காட்டும், அதே மென்மையோடு அசையும் என்று தேர்ந்தறியும் கண்ணே இத்தொழிலின் முதல். அக்கண் உள்ளவன் கட்டியதை, பறவை மாறிற்று என்ற காரணத்துக்காகப் போலி என்பது பொருந்தாது. அசல் தூவியே கைக்குக் கிடைத்தும் மூன்றாவது சுற்றை நிறுத்தத் தெரியாதவன் கட்டியதை வடநாட்டு ஈ என்பதும் பொருந்தாது.